கரை ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறதா?

கேள்வி: “எங்களிடம் 45 ஹெச்.பி. டிராக்டரும் இரண்டு சக்கர டிரெய்லரும் இருக்கின்றன. ஏரியில் வண்டல் மண் அள்ளி வயலுக்கு அடிக்கிறோம். பாரத்தோடு கரை ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்குகிறது. முன் பம்பரில் இரண்டு ஆட்களை நிற்க வைத்தால் தூக்காது என்கிறார்கள்; இரண்டு நடை அப்படித்தான் வந்தது. ஓட்டுவது என் மகன். எனக்குப் பயமாக இருக்கிறது. 45 ஹெச்.பி. வண்டி எத்தனை டன் இழுக்கும்?”
- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: முன்னால் ஆட்களை நிற்க வைப்பதை இன்றே நிறுத்திவிட வேண்டும். கால் வழுக்கினால் விழுவது சக்கரத்துக்கு முன்னால்தான். வண்டி பின்பக்கமாக மல்லாந்தால் அது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது.

முன்சக்கரம் ஏன் தூக்குகிறது? இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கி மேல் உட்காரும். அந்தக் கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். அங்கே அழுத்த அழுத்த, ஏற்றம் இறைப்பதுபோல மூக்கு மேலே வரும். மேட்டில் ஏறும்போது டிராக்டரின் எடையே பின்னால் சாய்கிறது, இழுவையும் சேர்ந்துகொள்கிறது. மண்ணை டிரெய்லரின் முன்பக்கமாகவே குவித்திருந்தால் இன்னும் மோசம். அதற்காகப் பின்பக்கம் குவித்தால் கொக்கி மேலே தூக்கப்பட்டு, டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றும். டிரெய்லர் அச்சின் மேல் பரவலாகவும், கொஞ்சமே முன்பக்கம் கூடுதலாகவும் இருப்பதுதான் சரி.

கொக்கி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்த டிராபார் பின் அச்சைவிடத் தாழ்வாக இருக்கும். டிரெய்லரின் மூக்கு உயரமாக இருக்கிறது என்று சில பட்டறைகளில் கொக்கியை மேலே ஏற்றி வெல்டிங் செய்துவிடுகிறார்கள். வண்டியைக் கவிழ்க்க இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. உயரம் ஒத்துவரவில்லை என்றால் டிரெய்லரின் மூக்கைத்தான் மாற்ற வேண்டும்.

இனி டன் கணக்கு. 45 ஹெச்.பி. வண்டி சமமான தார்ச்சாலையில் ஏழு, எட்டு டன்னை இழுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கரை ஏறிய வண்டி மறுபக்கம் இறங்கியாக வேண்டும். கேள்வியில் அந்த இறக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு யூனிட், அதாவது 100 கன அடி நெல் ஏறக்குறைய 1.6 டன். அதே ஒரு யூனிட் காய்ந்த வண்டல் சுமார் மூன்றரை டன். ஈரத்தோடு அள்ளினால் நாலரை டன்னையும் தாண்டும். பெட்டி அதே பெட்டிதான். நெல் ஏற்றிப் பழகிய கண்ணுக்கு மண்ணின் எடை தெரிவதில்லை. டிராக்டர் 2 டன், வெறும் டிரெய்லர் 1 டன், ஈர வண்டல் நாலரை டன் என்று வைத்தால் மொத்தம் ஏழரை டன். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அது 750 கிலோ விசையோடு வண்டியைக் கீழே தள்ளும். நம் டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான். பெரும்பாலான டிரெய்லர்களில் பிரேக்கே இல்லை. மண்பாதையில் அந்த இரண்டு சக்கரமும் பிடித்து நிறுத்தக்கூடிய அளவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தூறல் விழுந்திருந்தால் அதுவும் கிடைக்காது. பல ஏரிக்கரைப் பாதைகள் இதைவிடச் செங்குத்தானவை.

பிரேக் இல்லாத டிரெய்லர், பாரத்தோடு சேர்த்து, டிராக்டரின் எடையைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது டிராக்டர் கையேடுகள் சிலவற்றில் உள்ள அளவு. 2 டன் வண்டிக்கு அது 3 டன். டிரெய்லரின் சொந்த எடை போக மண் 2 டன்தான். ஈர வண்டலில் அரை யூனிட்கூட இல்லை. “இப்படி ஏற்றினால் டீசலுக்கே கட்டாது” என்று வீட்டில் சொல்வார்கள். நடை கூடும், உண்மைதான். நிறைய மண் அடிக்க வேண்டும் என்றால் பிரேக் உள்ள டிரெய்லரை வாடகைக்கு எடுப்பதும், மண்ணைக் காயவிட்டு அள்ளுவதும்தான் வழி. வீட்டு டிராக்டரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவானது. ஒருமுறை பாரத்தோடு எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, மண் எதுவரை வந்தால் எத்தனை டன் என்று பெட்டியின் உள்பக்கம் பெயின்டில் கோடு போட்டுக்கொள்வது நல்லது.

முன்னால் வெயிட் மாட்டலாமா? கம்பெனி அனுமதித்த அளவுக்கு மாட்டலாம். மூக்கு தூக்குவது குறையும். பிரேக் அதனால் கூடிவிடாது.

ஓட்டும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவைத்த இடது, வலது பிரேக் மிதிகளைப் பாதைக்கு வருமுன் கொக்கி போட்டு ஒன்றாக்கிவிட வேண்டும். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும், பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளும், இரண்டும் மடங்கிக்கொள்ளும். கரையின் உச்சிக்கு வருமுன்பே கீழ் கியரில் இருக்க வேண்டும். இறக்கத்தில் கியர் மாற்றுவதோ, கிளட்சை மிதித்து உருளவிடுவதோ, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதோ கூடாது. அந்த இடத்தில் எஞ்சின்தான் பாதி பிரேக். ஏற்றத்தில் நடுவில் நின்றுவிட்டால் கிளட்சை வெடுக்கென்று விட்டுக் கிளப்பக் கூடாது. முன்சக்கரம் தூக்குவது பெரும்பாலும் அப்போதுதான். சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர் பக்கவாட்டில் நின்று வைக்க வேண்டும், டிரெய்லருக்குப் பின்னால் நின்று அல்ல. வண்டியில் இருக்கை ஒன்றுதான். மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது.

கொக்கிப் பின்னுக்கு அடியில் பூட்டுக் கிளிப் இருக்க வேண்டும். பல வண்டிகளில் அங்கே ஒரு ஆணியோ கட்டுக்கம்பியோதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டு, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டிவிட்டால், கரையில் பின் கழன்றாலும் டிரெய்லர் தனியாக ஏரிக்குள் உருளாது.