ஆகாய விமானமும் பொய் அலையும்

பம்மலில் நம் கூரைக்குப் பக்கத்தில் மீனம்பாக்கத்து ஆகாய விமானங்கள் இரவு பகலாய் இறங்குவதும் ஏறுவதுமாயிருப்பது யாவரும் அறிந்ததே. அதைப் பற்றி டீக்கடையில் இரண்டு கட்சி. டெலிபோன் கோபுரம் வைத்தால் விமானம் தலையில் விழும் என்பது ஒன்று. அலையாவது, விமானத்தை ஆட்டுவதாவது, எல்லாம் புரளி என்பது மற்றொன்று. இரு திறத்தாரும் விசாரித்துப் பார்த்தவர்கள் அல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

விமானத்தில் உயரமானி என்றொரு யந்திரம் உண்டு. அது பூமியை நோக்கி ரேடியோ அலையை விட்டு, அது திரும்பி வருவதைக் கொண்டு தரை எத்தனை அடியில் இருக்கிறதென்று சொல்லுகிறது. மூடுபனியில் இறங்கும் விமானிக்கு அதுவே கண். அதற்கு ஒதுக்கிய அலை 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 3700க்கு மேற்பட்ட அலைகளை 5ஜிக்கு விற்றுவிட்டார்கள்; அவற்றையும் பழைய உயரமானிகள் தம்முடையதென்று வாங்கிக்கொள்ளும் என்ற பயம் எழுந்து, 2022 ஜனவரி 19ந் தேதி ஏர் இந்தியாவும் அந்நாட்டுப் பயணங்கள் சிலவற்றை ரத்து செய்தது. இதில் குற்றம் யாருடையது? அடுத்த வீட்டுப் பேச்சைத் தடுக்கும் வடிகட்டி சரியாக இல்லாத யந்திரத்தினுடையதே. 2023ல் அங்கு அதைத்தான் திருத்தினார்கள்.

நம் நாட்டில் விற்றது 3300 முதல் 3670 வரைதான். இடைவெளி அதிகம். இருந்தும் 2022 நவம்பரில் ஓடுபாதை முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டருக்குள் இந்த அலையில் கோபுரம் வைக்கக் கூடாதென்று தொலைத்தொடர்பு இலாகா உத்தரவிட்டது. ஜாக்கிரதை வேண்டியதே. ஆனால் யந்திரம் திருத்துவதைத் தாமதித்தவர்கள் கம்பெனியார். கஷ்டம் மட்டும் ஓடுபாதையோரக் குடிகளுக்கா?

இதைவிடப் பெரிது பொய் அலை. வழி காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் அவற்றின் அலை கீழே வருவதற்குள் மிகவும் மெலிந்துவிடுகிறது. தரையிலிருந்து ஒருவன் அதே மாதிரி பலமான அலையை விட்டால், விமானம் தான் வேறெங்கோ இருப்பதாக நம்பிவிடும். 2025 நவம்பரில் டில்லியில் இது நடந்தது. டிசம்பரில் மந்திரியார் பார்லிமெண்டில் அதை ஒப்புக்கொண்டபோது இத்தகைய தொல்லை கண்ட ஊர்களில் சென்னையையும் சேர்த்துச் சொன்னார். டில்லியில் விமானங்கள் பத்திரமாய் இறங்கியது தரையிலுள்ள பழைய வழிகாட்டிக் கருவிகளாலேயொழிய, 2019ல் ரபேல் சக்கரத்தடியில் வைத்தார்களே, அந்த எலுமிச்சம் பழத்தினால் அல்ல. அந்தக் கருவிகளை வீண் செலவென்று எடுத்துவிடக் கூடாதென்றும், பொய் அலை விட்டவன் யாரென்பதை ஜனங்களுக்கு வெளிப்படையாய்ச் சொல்ல வேண்டுமென்றும் சர்க்காரைக் கேட்கிறோம்.