பூட்டை உடைப்பதற்கு முன்



போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் அப்பா தவறிவிட்டார். "சார், நான் பத்தாவது படிக்கும்போது ஆண்டு விழாவுல அப்பா மேடையில பேசினாரே, அந்தப் போட்டோ உங்ககிட்ட இருக்குமா? காரியத்துக்குள்ள வேணும் சார்" என்றாள்.

இருந்தது. என் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கில். 2011 முதல் அரசு உங்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். உங்கள் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லவே இந்தக் கணக்கு வாத்தியாரும் லினக்ஸ் பழகினான். அந்த டிஸ்கைப் புது லேப்டாப்பில் மாட்டினேன். வந்த பதில்: 'பெர்மிஷன் டினைட்'.

என் தங்கை மகனிடம் கேட்டேன். "மாமா, சூடோ சிஎச்மாட் 777 போட்டு விடுங்க, எல்லாம் திறந்துடும்" என்றான்.

இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். 777 என்றால் யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று பொருள். நம் ஏரியின் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த மதகு அடைத்திருக்கிறது என்று பார்ப்போமா, கரையை வெட்டுவோமா?

"வீட்டு லேப்டாப்தானே சார்" என்பீர்கள். வீட்டில் பழகிய கைதான் நாளைக்கு மகேந்திரா சிட்டியிலோ ஓஎம்ஆரிலோ சர்வர் முன்னால் உட்காரும். சிஸ்டம் ஃபோல்டர்களுக்கு மொத்தமாக 777 போட்டால் சூடோவே வேலை செய்யாமல் போகும். எல்லோரும் படிக்கும்படி கிடக்கும் ரகசியச் சாவிக் கோப்பை எஸ்எஸ்ஹெச் ஏற்காது. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சில கதவுகள் மூடிக்கொள்கின்றன!

நான் செய்தது இதுதான். 'எல்எஸ் -எல்' போட்டேன். உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001 என்று எண் நின்றது. லினக்ஸ் டிஸ்கில் எழுதி வைப்பது பெயரை அல்ல, எண்ணை. பழைய லேப்டாப்பில் நான் இரண்டாவது பயனர், 1001. புதியதில் முதல் பயனர், 1000. என் வீட்டுக்கு நானே அந்நியன். 'சிஎச்ஓன்' போட்டு உரிமையை என் பெயருக்கு மாற்றினேன். திறந்தது.

ஆண்டு விழா ஃபோல்டர் மட்டும் அசையவில்லை. சூடோ போட்டும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. இது வேறு செய்தி, கவனியுங்கள். ரூட்டே தடுக்கப்பட்டால் கொடி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'எல்எஸ்ஆட்டர்' காட்டியது: 'ஐ' என்ற கொடி. அதை எடுக்காதவரை அழிக்கவோ மாற்றவோ முடியாது. 777-உம் அங்கே தோற்றிருக்கும்.

யார் போட்டது என்று யோசித்தபோது நினைவு வந்தது. ஒருமுறை ஒரு வருடத்துப் படங்களை நான் தவறுதலாக அழித்துவிட்டேன். அதன் பிறகு உங்கள் கம்ப்யூட்டர் சார்தான், "இனிமே நீங்களே நினைச்சாலும் அழிக்க முடியாது சார்" என்று சிரித்துக்கொண்டே ஏதோ தட்டினார். அவர் இன்று நம்மோடு இல்லை. அவர் போட்ட காவல் அங்கேயே இருந்தது.

கொடியை எடுத்தேன், உரிமையை மாற்றினேன், படத்தை அனுப்பினேன். பிறகு 'சிஎச்ஆட்டர்' கொண்டு அதே கொடியை மறுபடி போட்டு வைத்தேன்.

நீங்களும் இந்த வரிசையில் பாருங்கள்:

1. நான் எந்தப் பயனர்? கோப்பு யாருடையது?
2. அதற்குப் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை, அதாவது 'எக்ஸ்', உண்டா?
3. டிஸ்க் 'படிக்க மட்டும்' நிலையில் இருக்கிறதா? விண்டோஸை ஹைபர்னேட்டில் விட்டு லினக்ஸுக்கு வந்தால் விண்டோஸ் பகுதி அப்படித்தான் திறக்கும். அதற்கு மருந்து விண்டோஸை முழுதாக அணைப்பது.
4. கொடி ஏதாவது உண்டா?

அதன் பிறகு, தேவையான உரிமையை மட்டும் கொடுங்கள். பூட்டு போட்டவர் ஏதோ காரணத்தோடுதான் போட்டிருப்பார். உடைப்பதற்கு முன் அந்தக் காரணத்தை ஒரு நிமிடம் கேளுங்கள்.

அந்தப் பிள்ளை இரவு பதில் போட்டாள்: "அப்பா சிரிக்கிறார் சார்."

நலமாக இருங்கள், பிள்ளைகளே.