தினசரிக்கு உறையூர் சுருட்டே போதும்

பாரீசிலிருந்து வரும் உறவுக்காரர்கள் முன்பெல்லாம் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இப்போது சில வீடுகளுக்கு ஹவானா சுருட்டும் வருகிறது. "இதைப் பிடிச்ச பிறகு நம்மூர் சுருட்டைத் தொடவே மாட்டீங்க மாமா" என்கிறார்கள். பிடித்துப் பார்த்திருக்கிறேன். நல்ல சரக்குதான். ஆனாலும் தினசரிக்கு உறையூர் சுருட்டே போதும் என்பது என் கட்சி.

ஹவானாவுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். உள்ளே முழு நீள இலைகள், அவற்றைக் கட்ட ஓர் இலை, மேலே மெல்லிய உறை இலை, வாய்ப்பக்கம் சின்னத் தொப்பி. பிடிக்கப் பிடிக்கச் சுவை மாறிக்கொண்டே வரும். நம் சுருட்டில் முதலிலிருந்து கடைசி வரை ஒரே காரம்தான். இதை மறுக்க முடியாது.

ஆனால் அதைப் பராமரிப்பது ஒரு குழந்தையை வளர்ப்பது மாதிரி. ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். ஏசி அறையில் வைத்தால் காய்ந்துபோகும். ஐப்பசி மழையில் பூசணம் பிடிக்கும். சித்திரை வெக்கையில் புகையிலை வண்டு பொரித்து ஊசித் துளை போட்டுவிடும். நம் சுருட்டுக்கு இந்த உபசாரம் எதுவும் வேண்டாம். இரு முனையும் திறந்தே இருப்பதால் வெட்டுக்கத்திகூடத் தேவையில்லை. தீப்பெட்டி போதும்.

இதைவிடப் பெரிய தொல்லை விலை. பல ஆயிரம் ரூபாய்ச் சுருட்டைப் பற்றவைத்தால் மனம் புகையில் நிற்காது, கணக்கில்தான் நிற்கும். பாதியில் யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வரும். நல்ல நாள் வரட்டும் என்று எடுத்து வைப்போம். நல்ல நாளுக்கு முன் வண்டு வந்துவிடும். மலிவான சுருட்டை அணைத்து வைத்துவிட்டுப் பேரனோடு பேசப் போகலாம்.

அந்த மவுசில் பாதி அரண்மனை மவுசு. கியூபாவில் 1966-இல் பிறந்த கொஹீபா, காஸ்ட்ரோவுக்கும் அவர் பரிசளித்த வெளிநாட்டுத் தலைவர்களுக்கும்தான் முதலில் கிடைத்தது. 1982-இல்தான் வெளியே விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் கென்னடி, 1962 பிப்ரவரியில் கியூபாவுக்குத் தடை போடுமுன், தன் செய்தித் தொடர்பாளர் சாலிஞ்சரை அனுப்பி 1,200 கியூபா சுருட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். சாலிஞ்சரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். கிடைக்காத பொருளுக்கு ருசி கூடுவது இயற்கை.

பெருமைதான் வேண்டுமென்றால் நமக்கும் இருக்கிறது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சு 'ஷெரூத்', ஆங்கில 'செரூட்' இரண்டுமே நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனவை. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார் துப்பறிவாளர். நம் முனீஸ்வரனுக்கும் சுடலைமாடனுக்கும் படைப்பது இதே பெட்டிக்கடைச் சுருட்டுதான். சாமி இதுவரை பிராண்டு கேட்டதில்லை.

மலிவு என்பதால் கெடுதல் குறைவு என்று யாரும் நினைக்கவேண்டாம். வாய்ப்புற்றுநோய் விலை பார்த்து வருவதில்லை. பிடிக்காதவர்கள் தொடவே வேண்டாம். எனக்கு வாரத்துக்கு இரண்டு, அதுவும் திண்ணையில், வீட்டுக்குள் இல்லை.

கடைசியாக ஒன்று. ஹவானாவின் விலைக்குச் சொல்லப்படும் முதல் காரணம், கையால் சுற்றியது என்பது. உறையூர்ச் சுருட்டும் கையால் சுற்றியதுதான். அங்கே பலகை முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் இலை சுற்றுகிறவர்களின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வர விரும்புவதில்லை, கூலி அப்படி. கியூபாக்காரரின் கைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, நம் கடையில் கட்டுக்கு இரண்டு ரூபாய் ஏறியதற்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த இரண்டு ரூபாயை முகம் சுளிக்காமல் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.