கரித்துண்டுக்குள் ஒரு கடிகாரம்



மாலை வகுப்பு முடிந்ததும் மாணவன் ஒருவன் பிளாஸ்டிக் பை ஒன்றை என் முன் வைத்தான். திருச்சுழிப் பக்கத்தில் அவர்களுடைய மானாவாரிப் புஞ்சையில் கிணறு தோண்டியபோது, ஓர் ஆள் ஆழத்தில் கிடைத்தவை என்றான். கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள். அவற்றோடு நாலைந்து கரித்துண்டுகள். "இதுக்கு எத்தனை வயசு இருக்கும், ஹஜ்ரத்?" என்று கேட்டான். கலைப்பட்டதாரியாகிய எனக்கு விடை தெரியவில்லை. "இன்னும் இருந்தால் தோண்டி எடுத்து, நன்றாகக் கழுவிக் கொண்டு வா" என்றேன். மறுநாள் அவ்வாறே கொண்டு வந்தான். நான் செய்த பிழை, அதன்பின் நூல்களைப் புரட்டியபோதுதான் புரிந்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தாருக்குக் கரி புதிய பொருளன்று. சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுவது இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. அந்தக் கரியில் பெரும்பகுதி கார்பன் என்னும் தனிமம். அதன் மிகச் சிறிய அலகே கார்பன் அணு.

அணுவின் நடுவே கரு இருக்கிறது. அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் நெருங்கிக் கிடக்கின்றன. வெளியே எலக்ட்ரான்கள் உலவுகின்றன. ஊருணியின் நடுவில் ஒரு கம்புமணியை வைத்ததாக எண்ணிப் பாருங்கள். அம்மணி கருவென்றால், எலக்ட்ரான்கள் உலவும் எல்லை ஏறத்தாழ ஊருணிக் கரை! அணுவில் கரு அவ்வளவு சிறியது. ஆயினும் அணுவின் எடை முழுவதும் ஏறக்குறைய அதில்தான் அடங்கியுள்ளது.

கார்பன் அணுக்கருவில் எப்போதும் 6 புரோட்டான்கள் உண்டு. பெரும்பாலான அணுக்களில் நியூட்ரான்களும் ஆறே, அது கார்பன்-12. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுவதால் நியூட்ரான்கள் சிதறுகின்றன. அவற்றுள் ஒன்று நைட்ரஜன் அணுவைத் தாக்கும்போது 6 புரோட்டான்களும் 8 நியூட்ரான்களும் கொண்ட கார்பன்-14 உண்டாகிறது. இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஏறத்தாழ ஒன்றே இத்தகையது.

இதன் கரு நிலையற்றது. என்றேனும் ஒருநாள் அதிலுள்ள ஒரு நியூட்ரான், எலக்ட்ரான் ஒன்றை உமிழ்ந்து புரோட்டானாக மாறும். புரோட்டான்கள் ஏழாகிவிட்டால் அது கார்பன் அன்று, மீண்டும் நைட்ரஜனே. இதுவே கதிரியக்கச் சிதைவு. குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று யாராலும் கூற இயலாது. ஆனால் கோடிக்கணக்கான அணுக்கள் இருப்பின், 5730 ஆண்டுகளில் அவற்றுள் பாதி சிதைந்திருக்கும். எஞ்சியதில் பாதி, அடுத்த 5730 ஆண்டுகளில் சிதையும். இக்காலத்தை அரை ஆயுள் என்பர்.

மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து புதிய கார்பனை ஏற்றுக்கொண்டே இருக்கும். மடிந்ததும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். எஞ்சிய கார்பன்-14 எவ்வளவு என்று அளந்தால், மரம் மடிந்து எத்தனை காலமாயிற்று என்று கணக்கிடலாம். இம்முறையை வகுத்த அமெரிக்க அறிஞர் வில்லார்டு லிபிக்கு 1960-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அப்படியானால் மூட்டத்தின் நெருப்பு இந்தக் கணக்கைக் கெடுத்துவிடாதா? கெடுக்காது. நெருப்பின் வேலையெல்லாம் வெளியே உலவும் எலக்ட்ரான்களோடுதான். கருவை அது தொடுவதில்லை. ஆகவேதான் வெந்து கரியான பின்னும் மரத்தின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில், 2018-இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரியின் காலம் கி.மு. 580 என 2019-இல் வெளியான அறிக்கை கூறியது. ஏறக்குறைய 2600 ஆண்டுகள்! அக்கரியில் இருந்த கார்பன்-14 நூறு பங்கு எனக் கொண்டால், இன்று ஏறத்தாழ 73 பங்கு எஞ்சியிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கு சொல்வது கரியின் வயதை மட்டுமே. பானையின் வயதை அன்று. கலையாத ஒரே மண்ணடுக்கில் இரண்டும் சேர்ந்து கிடந்தால்தான் கரியின் சாட்சியம் பானைக்கும் செல்லும். எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எதன் அருகே கிடந்தது என்ற குறிப்பு இல்லையேல் அச்சாட்சியம் பயனற்றுப் போகும்.

நான் கெடுத்தது அதைத்தான். மாணவன் கொண்டு வந்த கரியில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அது யாருடைய காலத்தைக் காட்டுகிறது என்று சொல்லக்கூடிய மண்ணடுக்கை என் சொல் கேட்டு அவன் தோண்டிக் கலைத்துவிட்டான். நெருப்பால் அழிக்க முடியாததை என் அறியாமை அழித்துவிட்டது.

நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையிலும் 2022 முதல் அகழாய்வு நடந்திருக்கிறது. நம் புஞ்சைகளுக்கு அடியிலும் என்னென்ன உறங்குகின்றனவோ! கிணறு தோண்டும்போதோ, மண் அள்ளும்போதோ பழம்பானையும் கரியும் தென்பட்டால், வேலையை நிறுத்துங்கள். எதையும் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ வட்டாட்சியர் வழியாகவோ தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

அந்த மாணவனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவன் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "கிணத்தோட வடபக்கச் சுவரில் இன்னும் கொஞ்சம் கரி தெரியுது, ஹஜ்ரத். அதை நான் தொடல" என்றான்.

மறுநாள் காலையிலேயே இருவரும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கச் சென்றோம்.