துப்பாக்கிக்கும் கணக்கு உண்டு

கொலைஞன் கையில் துப்பாக்கியைக் கண்டால் நாம் அஞ்சுகிறோம். காவலர் கையில் கண்டாலோ, கேள்விக்கு இடமில்லை என்று இருந்துவிடுகிறோம். இது முறைதானா? பழைய சித்தூர் மாவட்டத்தில் 2015ஆம் ஆண்டு நடந்த இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர் அவர்கள். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கியமையால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. சிலர் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு செல்லப்பட்டனர் என்று உடன் சென்றோர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வாக்குமூலம் அளித்தனர். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டுமென ஆணையம் பரிந்துரைத்தது.

அதே காட்டில் 2013 டிசம்பரில் வனத்துறையினர் இருவர் மரம் வெட்டுவோரால் கொல்லப்பட்டதையும் மறத்தலாகாது. அவர்தம் உயிரும் உயிரே. ஆயினும், செம்மரம் வெட்டுவோருக்குச் சட்டம் விதிப்பது சிறையே, சாவு அன்று. “திருடப் போனான், செத்தான்” என்று பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நவம்பர் 17ஆம் நாள், சித்தூர் மாநகராட்சி அலுவலகத்திலேயே மேயர் கட்டாரி அனுராதா சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தியால் தாக்குண்ட கணவர் மோகனும் உயிர் நீத்தார். ஊரே நடுங்கியது. பத்தாண்டுகள் வழக்கு நடந்து, 2025 அக்டோபரில் சித்தூர் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. காலம் தாழ்ந்தாலும் அந்தக் குண்டுகளுக்கு மன்றத்தில் கணக்குக் கேட்கப்பட்டது.

அமெரிக்காவில் 1791 முதல் ஆயுதம் வைத்திருப்பது குடிமக்களின் உரிமை. இந்தியாவிலோ அது அரசு தரும் அனுமதி மட்டுமே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. குடிமகனிடம் இத்தனை கண்டிப்புக் காட்டும் நாடு, காவலரையும் விட்டுவிடவில்லை. காவலர் சுட்டு ஒருவர் இறப்பின் வழக்குப் பதிவு செய்ய வேண்டும், தொடர்பில்லாத வேறு குழு புலனாய வேண்டும், சுட்ட துப்பாக்கியைச் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரிலேயே நெறி வகுத்தது. இவை காகிதத்தில் மட்டும் நின்றுவிடலாகாது. நல்ல காவலருக்கும் இக்கணக்கே பாதுகாப்பு. அவர் தற்காப்புக்காகவே சுட்டார் என்பதை உலகறியச் செய்வதும் இதுவே அன்றோ?

பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்தவர்கள் நாம். இடமும் வேலையும் சொல்லாமல் மிகுந்த கூலி காட்டி அழைக்கும் தரகரை நம்ப வேண்டாம் என்று ஊரிலுள்ள இளைஞர்க்கு எடுத்துரைப்போம். செம்மரத்தின் இலாபம் வணிகனுக்கு, குண்டு கூலியாளுக்கு. துப்பாக்கி எவர் கையில் இருப்பினும், அது பறித்த ஒவ்வோர் உயிருக்கும் கணக்குக் கேட்போம்.