உண்மை பேசும் ஒலிபெருக்கி



தேஹு ரோட்டிலிருந்து அன்னையார் ஒருவர் எழுதியிருக்கிறார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகன் இரண்டாண்டுகளாகக் கிட்டார் வாசித்து வருகிறான். ஒரு கணினி, ஆடியோ இண்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி, 5 அங்குல மானிட்டர் ஒலிபெருக்கிகள் இரண்டு. இவற்றைக் கொண்டு தன் அறையிலேயே பாட்டுகளைப் பதிவு செய்கிறான். அறையில் கேட்கும்போது நிறைவாக முழங்கும் அப்பதிவு, திருநெல்வேலியில் உள்ள பாட்டியின் கைப்பேசியில் ஒலிக்கும்போது சோகை பிடித்ததுபோல் வெளுத்து விடுகிறதாம். ஆதலால் 8 அங்குல மானிட்டர்கள் வேண்டும் என்று பிள்ளை கேட்கிறான். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஆண்டு இது, தந்தையார் தயங்குகிறார். அறை 10 அடிக்கு 10 அடி; உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. வாங்கிக் கொடுக்கலாமா என்பது அன்னையாரின் வினா.

வேண்டாம் என்பதே நம் விடை. பிள்ளையின் ஆசையை மறுப்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. குறை இருப்பது உண்மை. அவன் செவி அதைச் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறது. ஆனால் அக்குறை ஒலிபெருக்கியில் இல்லை. அது நிற்கும் அறையில் இருக்கிறது.

முதலில் மானிட்டர் என்பது யாது எனக் காண்போம். வீட்டில் பாட்டுக் கேட்கும் பெட்டிகள் நம்மை மகிழ்விப்பதற்காகச் செய்யப்படுகின்றன. அடியொலியைச் சற்றுக் கூட்டியும், மேலொலிக்குப் பளபளப்பு ஏற்றியும் கொடுக்கும். மானிட்டர் அவ்வாறன்று. பதிவில் உள்ளதை உள்ளவாறே காட்டுவது அதன் கடமை. 1978இல் யமஹா நிறுவனம் என்.எஸ்.10 என்றொரு பெட்டியை வீட்டு உபயோகத்திற்காகவே வெளியிட்டது. இனிமை போதவில்லை என்று இல்லத்தார் அதை விரும்பவில்லை. ஒலிப்பதிவுக்கூடத்தாரோ அதைக் கைப்பற்றிக்கொண்டார்கள். குரலும் கிட்டாரும் வாழ்கின்ற நடுவொலிப் பகுதியில் சிறு பிழை இருந்தாலும் அது இரக்கமின்றிக் காட்டிக் கொடுத்தது. வெள்ளைக் கூம்புடைய அப்பெட்டி 2001இல் உற்பத்தி நின்று போகும் வரையில் உலகெங்கும் கலவைமேசைகளின் மேல் வீற்றிருந்தது.

வீட்டில் ஒலிப்பதிவுக்கூடம் அமைப்பதா என்று நகைக்கும் பெரியோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னைக் கோடம்பாக்கத்தில், தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில், 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்னும் கூடத்திலிருந்துதான் 1992இல் 'ரோஜா' படத்தின் பாடல்கள் பிறந்தன. நம் ஊருக்குத் தொலைவில்லாத புணே திரைப்படப் பயிற்சி நிறுவனம் 1960இல் தொடங்கியது. அங்கே ஒலிப்பதிவு தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. அங்குப் பயின்ற ரசூல் பூக்குட்டி, ரஹ்மான் இசையமைத்த படத்தின் ஒலிக்கலவைக்காகவே 2009இல் ஆஸ்கார் விருதைப் பகிர்ந்து பெற்றார். ஆகவே பிள்ளையின் முயற்சியை விளையாட்டென்று தள்ள வேண்டுவதில்லை.

இனி அறைக்கு வருவோம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிரான இரு சுவர்களுக்கிடையே அது சென்று மீளும்போது, சுவர்களின் இடைவெளிக்கு இசைந்த சில அதிர்வுகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வீங்குகின்றன. 10 அடி இடைவெளிக்கு அவை வினாடிக்கு 56, 112, 169, 225 என்று அமையும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவாக உள்ள அறையில் மூன்று திசைகளிலும் அதே அதிர்வுகளே வீங்கும் என்பதால் கேடு மும்மடங்கு. ஒலிக்கு இதைவிடப் பொல்லாத அறை வடிவம் வேறில்லை.

இப்போது கிட்டாரைப் பாருங்கள். அதன் ஆறாம் தந்தி வினாடிக்கு 82 முறை அதிர்கிறது. ஐந்தாம் தந்தி 110 முறை. அந்த 110, அறையின் 112க்கு அண்டை வீடு. அதன் மேலிசையாகிய 220, அறையின் 225க்கு அண்டை வீடு. பிள்ளை ஐந்தாம் தந்தியைத் தொட்டவுடன் அறையே கூடச் சேர்ந்து பாடுகிறது. அறையின் நடுவில் நாற்காலி இட்டிருந்தானாகில் அந்த 112 அதிர்வு அங்கேதான் உச்சத்தில் நிற்கும். 'அடியொலி மிகுந்துவிட்டது' என்று எண்ணிக் கணினியில் அதைக் குறைக்கிறான். அறையில் சரியாகிவிடுகிறது, பதிவிலோ உண்மையில் இருந்ததும் போய்விடுகிறது. கைப்பேசியின் சிற்றொலிபெருக்கிக்கு 110 அதிர்வை எழுப்பும் வலிமை இல்லை. எனினும் 220, 330 என்னும் மேலிசைகள் கேட்டால் நம் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அந்த மேலிசைகளையும் சேர்த்துக் குறைத்துவிட்டால் பாட்டி கேட்பது எலும்புக்கூட்டைத்தான்.

இந்த நிலையில் 8 அங்குலப் பெட்டி வந்தால் என்ன ஆகும்? யமஹாவின் எச்.எஸ்.5 என்னும் 5 அங்குல மானிட்டர் 54 அதிர்வு வரை இறங்கும் என்றும், எச்.எஸ்.8 என்னும் 8 அங்குலப் பெட்டி 38 வரை இறங்கும் என்றும் அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. கிட்டாரின் அடித்தந்திக்கே 82தான் என்பதால் முன்னதே போதுமானது. பின்னதோ, இதுவரை உறங்கிக் கிடந்த 56 அதிர்வையும் தட்டி எழுப்பிவிடும். பணமும் போகும், குழப்பமும் கூடும். பக்கத்து வீட்டாரின் முகமும் மாறும்.

ஐயம் உடையவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடித்தந்தியில் தொடங்கி, ஒவ்வொரு கட்டமாக, ஒரே விசையில் மீட்டி, கிட்டாரை நேரே கணினியில் பதிவு செய்க. பிறகு நாற்காலியில் அமர்ந்து அப்பதிவைக் கேட்க. சில சுரங்கள் துள்ளி எழும். சில மறைந்து போகும். அதே பதிவை நல்ல ஹெட்ஃபோனில் கேட்க. அங்கே சமமாக ஒலித்த சுரம் அறையில் துள்ளினால் அது அறையின் வேலையே. நாற்காலியை ஓர் அடி முன்னும் பின்னும் நகர்த்தினால் துள்ளும் சுரங்கள் மாறுவதையும் காணலாம். செலவு ஒரு காசும் இல்லை.

அடுத்து வைக்கும் முறை. அறையின் மூலையை விட்டுவிட்டு, ஒரு சுவரின் நடுப்பகுதியில் மேசையை இடுக. இரு பெட்டிகளும் கேட்பவனின் தலையும் மூன்றடிப் பக்கமுள்ள முக்கோணமாக அமையட்டும். மேலொலி தரும் சிறு கூம்பு காதின் உயரத்தில் இருக்க வேண்டும்; மேசை தாழ்வாக இருந்தால் பெட்டியின் கீழ்ச் செங்கல் வைத்து உயர்த்தலாம். நாற்காலி முன்சுவரிலிருந்து ஏறத்தாழ 4 அடியில் இருக்கட்டும். அறையின் நட்டநடுவும் பின்சுவரின் ஓரமும் ஆகா.

பெட்டியைச் சுவரிலிருந்து வெகுவாக முன்னே இழுத்து வைக்குமாறு சிலர் அறிவுரை கூறுவர். சிறிய அறைக்கு அது பொருந்தாது. பெட்டியின் முகம் சுவரிலிருந்து 1 மீட்டரில் நின்றால், சுவரில் பட்டு மீளும் ஒலி நேரொலியோடு எதிர்த்து மோதி 86 அதிர்வை அழித்துவிடும். அது ஆறாம் தந்தியின் இடமல்லவா? ஆகவே பின்புறத் துளை மூடாதவாறு ஒரு சாண் இடைவெளி மட்டும் விட்டு, சுவரையொட்டியே வைக்கலாம். அப்போது அடியொலி சற்றுக் கூடும். அதைக் குறைப்பதற்கென்றே பல மானிட்டர்களின் முதுகில் ஒரு விசை உண்டு. அதைத் தொட்டே பாராதவர்கள் பலர்.

பின்னர், தங்கையின் கையில் ஒரு முகக்கண்ணாடியைக் கொடுத்துப் பக்கச் சுவரையொட்டி நகர்த்தச் சொல்க. நாற்காலியில் இருப்பவனுக்குக் கண்ணாடியில் எந்த இடத்தில் ஒலிபெருக்கி தெரிகிறதோ அந்த இடத்தில் கனத்த போர்வையைத் தொங்கவிடுக. இங்குள்ள மராத்திய அன்னையர் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் கோதடி இதற்கு நன்கு உதவும். முட்டை அட்டைகளும் தெர்மாகோலும் ஒட்டுவது வீண் வேலை. 110 அதிர்வின் அலைநீளம் 3 மீட்டருக்கு மேல்; ஓர் அங்குலப் பஞ்சு அதை என்ன செய்யும்? அடியொலியை அடக்கக் கனம் வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாலே சிறிது மாற்றம் தெரியும். செலவழிக்க மனமிருந்தால் ராக்வூல் என்னும் தாதுப்பஞ்சை 4 அங்குலக் கனத்தில் சட்டமிட்டுத் துணி போர்த்தி மூலைகளில் வைக்கலாம். மானிட்டருக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

மின்கிட்டார் வாசிப்பவர்க்குத் தனியாக ஒரு சொல். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் கூம்பு 5,000 அதிர்வுக்கு மேல் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. கிட்டாரை நேரே கணினியில் செருகி 'டிஸ்டார்ஷன்' ஏற்றினால், அந்த மேலொலி முழுவதும் மானிட்டரில் தேனீக் கூட்டம்போல் இரையும். மானிட்டரைப் பழிக்காமல், ஆம்ப்ளிஃபயர்ப் பெட்டியின் குணத்தைப் போலச் செய்யும் மென்பொருளை இடையில் சேர்க்க வேண்டும்.

இத்தனையும் செய்து மூன்று மாதம் பதிவு செய்தபின்னும் குறை நின்றால், அப்போது கடைக்குப் போகலாம். அப்போதும் 5 அங்குல வகையிலேயே மேலானதைத் தேடுக. பிள்ளை தன் பதிவையும், நெடுநாள் கேட்டுப் பழகிய இரண்டு பாட்டுகளையும் கொண்டு செல்லட்டும். இரு பெட்டிகளை ஒப்பிடும்போது உரப்பு சமமாக இருக்கிறதா என்று கவனிக்க. சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றுவது மனிதச் செவியின் இயல்பு. விற்பவர்க்கும் அது தெரியும்.

அன்னையார் கடிதத்தின் கடைசியில், அண்டை வீட்டார் முறையிடாதபடி எவ்வளவு உரக்க வைக்கலாம் என்றும் கேட்டிருந்தார். எதிரே அமர்ந்து இருவர் குரல் உயர்த்தாமல் பேசிக்கொள்ளக்கூடிய அளவு போதும். தாழ்ந்த ஒலியில் அடிச்சுரம் நம் காதுக்குக் குறைந்தே கேட்கும் என்பதை 1933இலேயே பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினர். ஆகையால் பாட்டு முடியும் தறுவாயில் மட்டும், பகற்பொழுதில், ஐந்து நிமிடம் உரக்க வைத்துச் சரிபார்க்கலாம். லோணாவளா வண்டி தேஹு ரோடு நிலையத்தைக் கடக்கும் நேரமாக அது அமைந்தால் பக்கத்து வீட்டார் கவனிக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்நேரத்தில் பதிவு மட்டும் வேண்டாம்.