வாலிபர்களும் கவுண்டி கிரிக்கெட்டும்

தோல்வியின்மேல் தோல்வியுற்று வரும் ஒரு கவுண்டி கிரிக்கெட் கோஷ்டியில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்று ஒதுங்குகிறார்கள். நிர்வாகஸ்தர்கள் வேறு வழி காணாமல், இரண்டாம் கோஷ்டியிலிருந்து 18, 19 வயதுப் பையன்களை அழைத்து மைதானத்தில் இறக்குகிறார்கள். இங்கிலாந்தில் ஏதேனும் ஒரு கவுண்டியில் அநேகமாக ஒவ்வொரு கோடையிலும் இக்காட்சியைக் காணலாம். அங்கத்தினர்கள் இதைக் கிரகக் கோளாறென்று எண்ணி வருந்துகிறார்கள். காயமுற்றவர்கள் குணமடைந்து திரும்பியதும், பையன்கள் வந்த வழியே அனுப்பப்படுகிறார்கள். ‘ஆபத்துக்குப் பாவமில்லை’ என்று வாலிபர்களை நாடுவதும், ஆபத்து நீங்கியதும் அவர்களை மறப்பதுமாகிய இவ்வழக்கம் தவறென்பது நமது திடமான அபிப்பிராயம். நலிந்த கவுண்டி ஒன்று மீண்டும் தலைநிமிர வேண்டுமானால், வாலிபர்களுக்கு இடமளிப்பதை அது நிரந்தரக் கொள்கையாகவே மேற்கொள்ள வேண்டும்.

முதல்தரக் கவுண்டிகள் 18 இருந்தபோதிலும், அவையனைத்தும் ஒரே நிலையில் இல்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 2025-ஆம் வருஷப் பருவத்தில் ஒவ்வொரு கவுண்டியும் நான்கு நாள் ஆட்டங்கள் 14 ஆட வேண்டியிருந்தது. ஏப்ரல் மாதத்துக் குளிரில் துவங்கும் இவ்வாட்டங்கள் செப்டம்பர் இறுதிவரை நீள்கின்றன. இவற்றினிடையே 20 ஓவர் பந்தயங்களும் ஒரு நாள் பந்தயங்களும் வந்து புகுகின்றன. வேகமாகப் பந்து வீசுவோரின் முதுகும் முழங்காலும் இவ்வளவையும் தாங்குவது எளிதன்று. சர்ரேயைப் போன்ற தனவந்தக் கவுண்டியில் ஒருவர் விழுந்தால், அவ்விடத்தில் நிற்பதற்குத் தேர்ந்த இன்னொருவர் சம்பளத்துடன் காத்திருக்கிறார். லெஸ்டர்ஷயர், டெர்பிஷயர், நார்தாம்ப்டன்ஷயர் போன்ற சிறு கவுண்டிகளில், மூவர் ஏககாலத்தில் காயமுற்றால் முதற் கோஷ்டியின் அஸ்திவாரமே ஆட்டங் கண்டுவிடுகிறது. ஒரே விபத்து செல்வருக்கு அசௌகரியம், ஏழைக்கோ பெருநஷ்டம்.

இத்தகைய நெருக்கடியில் சிறு கவுண்டியின் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. வெளியிலிருந்து வளர்ந்த ஆட்டக்காரர்களை வரவழைத்து இடத்தை நிரப்பிக்கொள்வது ஒன்று. சொந்தப் பையன்களை நம்பிச் சில வருஷம் தோல்வியைச் சகித்துக்கொள்வது மற்றொன்று. 2003-ஆம் வருஷம் ஐரோப்பிய நீதிமன்றம் கோல்பாக் என்ற கைப்பந்து ஆட்டக்காரரின் வழக்கில் அளித்த தீர்ப்பின் பலனாக, தென்னாப்பிரிக்கா முதலிய தேசங்களைச் சேர்ந்தவர்கள் அந்நிய ஆட்டக்காரர் என்ற கணக்கில் சேராமலே கவுண்டிகளில் ஆட இடமேற்பட்டது. 2020-ஆம் வருஷ முடிவுவரை இவ்வேற்பாடு நீடித்தது. நார்தாம்ப்டன்ஷயரும் லெஸ்டர்ஷயரும் இவ்வழியில் முன்னின்றன. வந்தவர்களில் திறமைசாலிகள் பலர் இருந்தனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவர்களைக் கொண்டு எழுப்பிய வீடு அவர்கள் சென்றதும் காலியாகிவிட்டது. சொந்த நிலத்தில் ஊன்றாத செடிக்கு எத்தனை நாள் நீர் விட்டும் என்ன பயன்?

இரண்டாவது வழி கடினமானது என்பதை நாம் மறைக்கவில்லை. அது எவ்வளவு கடினமானதென்பதற்கு நார்தாம்ப்டன்ஷயரின் பழைய சரித்திரமே சாட்சி. 1935-ஆம் வருஷம் மே மாதம் முதல் 1939-ஆம் வருஷம் மே மாதம் வரை சாம்பியன்ஷிப் பந்தயத்தில் அக்கவுண்டி ஆடிய 99 ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றி பெறவில்லை. 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷமும் கடைசி ஸ்தானமே அதற்குக் கிடைத்தது. போதாக்குறைக்கு, 1936-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பெருந் துன்பமொன்றும் நேர்ந்தது. இங்கிலாந்துக்காக ஆடிய பிரெட் பேக்வெல், அவ்வருஷம் முதலிடம் பெற்ற டெர்பிஷயருக்கு எதிராகச் செஸ்டர்பீல்டில் ஆட்டமிழக்காமல் 241 ரன் எடுத்துவிட்டுத் திரும்புகையில், அவர் சென்ற மோட்டார் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. உடன் சென்ற ரெஜி நார்த்வே உயிரிழந்தார். கை முறிந்த பேக்வெல் பின்னர் முதல்தர ஆட்டம் ஆடவேயில்லை. இருந்த ஒரே பெருந்தூணும் சாய்ந்ததென்றே கூறவேண்டும்.

அந்த இருண்ட வருஷங்களில் அக்கவுண்டி செய்த ஒரு காரியம் மட்டும் கவனிக்கத்தக்கது. யார்க்ஷயரில் பிறந்த டென்னிஸ் புரூக்ஸ் என்ற 18 வயது வாலிபருக்கு 1934-இல் இடம் கொடுத்தது. தோல்விகள் நடுவிலும் அவரைக் கைவிடாமல் வளர்த்தது. நான்கு வருஷத்துக்குப் பின் கிடைத்த முதல் வெற்றியில், 1939 மே மாதம் லெஸ்டர்ஷயரை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்தபோது, 187 ரன் எடுத்தவர் அதே புரூக்ஸ்தான். அவர் 1959 வரை ஆடினார். 1954 முதல் 1957 வரை தலைமை வகித்தார். 1957-இல் நார்தாம்ப்டன்ஷயர் சர்ரேக்கு அடுத்தபடியாக இரண்டாம் ஸ்தானம் பெற்றது. 99 ஆட்டங்கள் வெற்றியின்றிக் கழிந்த காலத்தில் விதைத்த விதை, இருபது வருஷத்திற்குப் பின்னும் பலன் கொடுத்தது என்றால் மிகையாகாது. அன்று நிர்வாகம் பொறுமையிழந்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அப்பலனை எங்கே தேடுவது?

நமது காலத்து உதாரணம் லெஸ்டர்ஷயர். 1975, 1996, 1998 ஆகிய வருஷங்களில் சாம்பியன்ஷிப் பட்டம் பெற்ற கவுண்டி இது. 1975-இல் 43 வயதான ரே இல்லிங்வொர்த் தலைமையில் வெற்றி கண்ட அதே பருவத்தில்தான், 18 வயது டேவிட் கவர் அக்கவுண்டிக்காக முதன்முதலாக ஆடினார். வெற்றிக் காலத்திலும் வாலிபர்களை மறவாத நிர்வாகம் அது. பின்னர் நிலைமை மாறியது. 2011-இல் 20 ஓவர்க் கோப்பையை வென்றபோது, இறுதி ஆட்டத்தில் 4 விக்கெட் வீழ்த்தியவர் 21 வயது ஜாஷ் காப். அவ்வெற்றியின் ஆரவாரம் அடங்குமுன்பே கோஷ்டி கலையத் தொடங்கியது. ஜேம்ஸ் டெய்லர் நாட்டிங்ஹாம்ஷயருக்குச் சென்றார். காப் சில வருஷத்தில் நார்தாம்ப்டன்ஷயருக்குப் போனார். 2013, 2014 ஆகிய இரண்டு பருவங்களிலும் லெஸ்டர்ஷயர் சாம்பியன்ஷிப் பந்தயத்தில் ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. 2015 ஜூன் மாதம் எஸெக்ஸைத் தோற்கடித்தபோதுதான் அவ்வறட்சி தீர்ந்தது.

அந்நிலையிலிருந்து கோஷ்டியைத் தூக்கி நிறுத்தியதில் பெரும் பங்கு வாலிபர்களுடையது. ரெஹான் அகமது 2022 டிசம்பரில் கராச்சியில் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடியபோது அவருக்கு 18 வயது 126 நாள். இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடிய ஆடவர்களில் அவரே மிக இளையவர். இரண்டாம் இன்னிங்ஸில் 5 விக்கெட் வீழ்த்தினார். 2023 செப்டம்பரில் ஒரு நாள் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக லெஸ்டர்ஷயர் தத்தளித்தபோது, அதுவரை கோஷ்டியில் நிலையான இடமில்லாதிருந்த ஹாரி ஸ்விண்டல்ஸ் ஆட்டமிழக்காமல் 117 ரன் எடுத்துக் காப்பாற்றினார். கடைசி ஓவரில் ஹாம்ப்ஷயருக்கு வேண்டியது 8 ரன். பந்தை ஏற்றவர் 19 வயது ஜாஷ் ஹல். அவர் கொடுத்தது 5 ரன். இரண்டு ரன் வித்தியாசத்தில் கோப்பை லெஸ்டருக்கு வந்தது. 2025-இல் அக்கவுண்டி இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று, 2003-க்குப் பின் முதன்முறையாக முதற் பிரிவில் ஆடும் தகுதியை அடைந்தது.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். ஒரு நாள் கோப்பைப் பந்தயம் ‘ஹண்ட்ரட்’ என்ற நூறு பந்து ஆட்டம் நடக்கும் ஆகஸ்டு மாதத்திலேயே நடத்தப்படுகிறது. பெயர் பெற்றவர்களெல்லாம் அங்கே சென்றுவிடுவதால், கவுண்டிகள் வாலிபர்களையும் ஓரத்தில் கிடந்தவர்களையும் கொண்டு கோஷ்டி அமைக்க நேர்கிறது. அதாவது, காயத்தினால் ஏற்படும் பற்றாக்குறையைப் போன்றதொரு பற்றாக்குறை பிரதி வருஷமும் சட்டப்படியே ஏற்படுகிறது. அந்தப் பற்றாக்குறை ஹல்லைப் போன்றவர்களுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. கட்டாயத்தினால் கிடைத்த பலனே இவ்வளவென்றால், மனப்பூர்வமாகச் செய்தால் கிடைக்கும் பலன் எவ்வளவாக இருக்கும்! மேலும், இரண்டாம் பிரிவில் கடைசியில் நிற்கும் கவுண்டி அதற்குக் கீழே இறங்க இடமில்லை. விழுவதற்குப் பள்ளமில்லாதவர் அடியெடுத்து வைக்க அஞ்சுவானேன்?

‘அனுபவமில்லாத பையன்களைப் புலி வாயில் தள்ளலாமா? தொடர்ந்து தோற்றால் அவர்கள் மனம் முறிந்துவிடாதா?’ என்று சிலர் கேட்கிறார்கள். இக்கேள்வியில் நியாயமுண்டு. யார்க்ஷயரின் பிரையன் குளோஸ் 1949-இல், 18 வயதில், ஒரே பருவத்தில் 1000 ரன்னும் 100 விக்கெட்டும் எடுத்து, இங்கிலாந்துக்காகவும் ஆடினார். மறு வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர், அங்கே காயத்துடன் துன்புற்றார். 1976 வரை நீண்ட ஆயுளில் அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் 22 மட்டுமே. ஹல்லின் கதையும் சிந்திக்கத்தக்கது. 2024-இல் மார்க் வுட் காயமுற்றதால் இங்கிலாந்துக் கோஷ்டிக்கு அழைக்கப்பட்டு, ஓவல் மைதானத்தில் இலங்கைக்கு எதிராக ஆடி, முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். அடுத்துப் பாகிஸ்தான் பிரயாணத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டும், தொடைத் தசையில் ஏற்பட்ட காயத்தினால் போக இயலவில்லை. ஒருவருடைய காயத்தைத் தீர்க்க வந்தவரே காயமுற்றார்.

ஆகவே வாலிபர்களை நம்புவதென்றால் அவர்களைப் பிழிந்தெடுப்பது என்று பொருளாகாது. இருபது வயதைக் கடந்த பின்னும் சில வருஷம்வரை முதுகெலும்பு முழு வலிமை பெறுவதில்லை. ஓய்வின்றித் திடீரென அதிக ஓவர் வீசும் இளம் வேகப் பந்து வீச்சாளருக்கு இடுப்பெலும்பிற்கு மேலுள்ள பகுதியில் விரிசல் காண்பது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். எனவே நிர்வாகஸ்தர்கள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும் என்போம். முதலாவது, வாலிபர் வீசும் ஓவர்களைக் கணக்கிட்டு வரையறுக்க வேண்டும். கோஷ்டித் தலைவரின் அவசரம் அக்கணக்கை மீறலாகாது. இரண்டாவது, ஒருவருக்கு இடம் கொடுத்தால் இரண்டு தோல்விக்காக அதைப் பறிக்காமல், ஒரு பருவமாவது ஆட விட வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கோஷ்டியிலும் இல்லிங்வொர்த்தைப் போன்ற மூத்தவர் சிலர் இருந்தே தீரவேண்டும். வாலிபர் மட்டும் நிறைந்த கோஷ்டி மாலுமியில்லாக் கப்பலாகும்.

இறுதியாக, பெரிய கவுண்டிகளையும் கிரிக்கெட் போர்டையும் நோக்கி ஒரு வார்த்தை. டெஸ்ட் பந்தயங்களில் 604 விக்கெட் எடுத்த ஸ்டூவர்ட் பிராட் லெஸ்டர்ஷயரில்தான் வளர்ந்தார். 2007-ஆம் வருஷப் பருவம் முடிந்ததும் பக்கத்துக் கவுண்டியான நாட்டிங்ஹாம்ஷயருக்குப் போய்ச் சேர்ந்தார். ஆட்டக்காரர் தமக்கு நலமென்று தோன்றும் இடத்துக்குச் செல்வது அவரது உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நட்டு நீரூற்றியவனுக்கு நிழலில்கூடப் பங்கில்லையென்பது தர்மமாகாது. பயிற்சியளித்த கவுண்டிக்குச் செலவிட்ட வருஷங்களுக்கேற்ற ஈடு கிடைக்க வேண்டும். இல்லையேல் எந்தச் சிறு கவுண்டி இனி மனமுவந்து பையன்களை வளர்க்கும்?

இதற்குப் பணமில்லை என்று சொல்ல இனி இடமில்லை. 2025-இல் ‘ஹண்ட்ரட்’ கோஷ்டிகளின் பங்குகளை விற்றதில் 50 கோடி பவுனுக்கு மேல் திரட்டப்பட்டது. லீட்ஸ் நகரைச் சார்ந்த கோஷ்டியை நமது சென்னையைச் சேர்ந்த சன் குழுமம் முழுவதுமாக வாங்கியதையும் நமது வாசகர்கள் அறிவார்கள். இந்த நிதியில் கவுண்டிகளுக்குச் சேரும் பாகம் பழைய கடன்களைத் தீர்ப்பதிலும், மாடிக் கட்டடங்களை எழுப்புவதிலும், வயது கடந்த பெயர்களுக்குச் சம்பளமளிப்பதிலும் கரைந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். கடனைத் தீர்க்கத்தான் வேண்டும். ஆயினும் அதில் ஒரு நிலையான பகுதியை இரண்டாம் கோஷ்டிக்கும், ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஆடும் பையன்களைத் தேடுவதற்கும், அவர்கள் உடலைக் காக்கும் வைத்தியர்களுக்குமென்று ஒதுக்கி வைப்பது அவசியம். இப்பணம் ஒருமுறை வருவது. அதைக் கொண்டு வளர்க்கப்படும் ஆட்டக்காரர்களோ இருபது வருஷம் உழைப்பார்கள்.

பெரும்பாலான கவுண்டிகள் அங்கத்தினர்களுக்கே சொந்தமானவை என்பதால், பொறுப்பும் அவர்களையே சேரும். ஞாயிற்றுக்கிழமைத் தோல்வியைக் கண்டு திங்கட்கிழமை நிர்வாகத்தைத் தூற்றும் அங்கத்தினர், வாலிபர்களை வளர்க்கும் தைரியத்தை நிர்வாகத்திடமிருந்து எதிர்பார்க்க முடியாது. காயமுற்ற மூத்தவர் திரும்பி வரும் நாளில், அவருக்காக எந்த வாலிபர் வெளியேற்றப்படுகிறார், ஏன் வெளியேற்றப்படுகிறார் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கும் துணிவு அங்கத்தினர்களுக்கு வரவேண்டும். அக்கேள்வி கேட்கப்படும் கவுண்டி நீண்ட நாள் கடைசி ஸ்தானத்தில் கிடக்காது என்பது நமது நம்பிக்கை.